மதினி உட்கார்ந்து சாப்பிட்ட விடுமுறை

மத்தியதரைக் கடலில் இருக்கிற தீவு நாடான மால்ட்டாவுக்குக் குடும்பமாகப் போய் வந்த படங்களைப் போட்ட நாளிலிருந்து பாளையங்கோட்டையில் எதிர்ப்படுகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "குற்றாலத்துல தண்ணி விழுது, பாபநாசத்துல ஆறு ஓடுது. அண்ணன் தம்பி கூடுறதுக்குக் கடல் தாண்டியா போகணும்?" கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நியாயமான கேள்விதான். பதிலைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் குடும்பம் இதுவரை எப்படிக் கூடியது என்று சொல்கிறேன். ஊர் வீட்டில் அம்மாவோடு இருப்பது பெரிய அண்ணனும் மதினியும். லண்டனிலிருந்து சின்ன அண்ணன், துபாயிலிருந்து அக்கா, ஜெர்மனியிலிருந்து தம்பி என்று எல்லாரும் பெட்டி படுக்கையோடு அங்கே வந்து இறங்குவார்கள். விடிவதற்கு முன்பே காபிக்குப் பால் அடுப்பில் ஏறிவிடும். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் காரம் இல்லாமல் ஒன்று, சர்க்கரை உள்ளவர்களுக்குத் தனியாக ஒன்று. காலைப் பந்தி முடிவதற்குள் மதியத்துக்கு அரிசி களைந்தாக வேண்டும். சாயங்காலம் அல்வாப் பொட்டலத்தோடு யாராவது பார்க்க வருவார்கள், அவர்களுக்கும் காபி. ராத்திரி மொட்டை மாடியில் பாய் விரித்து நாங்கள் பழைய கதை பேசிச் சிரிக்கும்போது, மதினி கீழே மறுநாளுக்கு மாவு ஆட்டிக்கொண்டிருப்பார். பெண்கள் நாங்கள் கூடமாட ஒத்தாசை செய்வது உண்டு. ஆனாலும் வீடு அவர் பொறுப்பு என்பதால் உப்பு எங்கே, போர்வை எங்கே, கேஸ் தீர்ந்துவிட்டதா என்று எல்லாமே அவர் தலையில்தான் வந்து விழும். அந்த வருடங்களின் படங்களை எடுத்துப் பாருங்கள். முற்றத்தில் எல்லாரும் வரிசையாக நிற்போம், மதினி மட்டும் ஒன்றிரண்டு படங்களில்தான் இருப்பார்.

இதை மாற்றியது அந்தத் தீவு. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

மால்ட்டாவைச் சொன்னவர் சின்ன அண்ணன். லண்டனிலிருந்து மூன்று மணி நேரத்துச் சொச்சம் விமானம். 1964 வரை பிரிட்டிஷ்காரர்கள் ஆண்ட இடம் என்பதால் ஆங்கிலம் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று, வண்டியும் நம் ஊரைப் போல இடப்பக்கம்தான் ஓடுகிறது. நாடு மொத்தமும் 316 சதுர கிலோமீட்டர், நம் மாவட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது. நாங்கள் தங்கியது பெரிய தீவில் இல்லை, பக்கத்தில் இருக்கிற கோசோவில். கப்பலில் வண்டியையும் ஏற்றிக்கொண்டு இருபத்தைந்து நிமிடத்தில் அக்கரை. அங்கே பழைய பண்ணை வீடுகளை விடுமுறைக்கு வாடகைக்கு விடுகிறார்கள். மஞ்சள் நிறச் சுண்ணாம்புக்கல்லில் கட்டிய கனத்த சுவர், நடுவில் முற்றம், பெரிய சமையலறை. வயல் வரப்புகளில் நம் ஊர்ச் சப்பாத்திக்கள்ளி பழத்தோடு நிற்கிறது.

வீட்டுக்குள் நுழைந்த அன்று ராத்திரியே சின்ன அண்ணன் மகள் ஒரு பட்டியல் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டாள். இன்று யார் சமையல், யார் பாத்திரம், யார் துணி. பெரியவர்கள் அத்தனை பேருக்கும் முறை உண்டு, பத்து வயது தாண்டிய பிள்ளைகளுக்கும் உண்டு. பிள்ளைகளின் ஆச்சிக்கு, அதாவது எங்கள் அம்மாவுக்கு மட்டும் விலக்கு. மதினி பெயரும் இருந்தது, எல்லாரையும் போல முறை வரும்போது மட்டும்.

அந்த வீடு யாருக்கும் சொந்தமில்லை. உப்பு எங்கே என்று எல்லாருமே தேடித்தான் எடுக்க வேண்டும். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் மதினியைக் கேட்டால்தான் கிடைக்கும் என்ற நிலை போனதும் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. முதல் நாள் அவர் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே! வாசல் திண்ணையில் உட்காருவார், எழுந்திருப்பார், சேலைத் தலைப்பில் கையைத் துடைப்பார், மறுபடியும் உட்காருவார். "எனக்கு ஒண்ணுமே ஓட மாட்டேங்கு" என்றார்.

அப்புறம் பெரிய அண்ணனும் அத்தானும் சொதி, அதுதான் நம் ஊர்த் தேங்காய்ப்பால் குழம்பு, வைத்த நாள். திருநெல்வேலிக்காரர்கள் எந்த ஊருக்குப் போனாலும் சொதி இல்லாமல் முடியுமா? டப்பாத் தேங்காய்ப்பால் கிடைத்தது, முருங்கைக்காய் கிடைக்கவில்லை. உருளை, கேரட், பீன்ஸ், பட்டாணி போட்டு, பாசிப்பருப்பு தனியாக வேகவைத்து எல்லாம் சரியாகத்தான் போயிற்று. கடைசியில் கெட்டிப்பாலை ஊற்றித் தளதளவென்று கொதிக்க விட்டுவிட்டார்கள். அண்ணன் கரண்டியும் கையுமாக வாசலுக்கு வந்து, "பால் திரிஞ்ச மாதிரி இருக்கே, என்ன செய்ய?" என்று கேட்டார். மதினி எழுந்திருக்கவில்லை. இருந்த இடத்தில் இருந்தே, "அடுப்ப அணைச்சிட்டுல்லா ஊத்தணும். இன்னொரு டப்பா உடைங்க, எலுமிச்சை இறக்கினதுக்கு அப்புறம் பிழிங்க" என்றார். அவ்வளவுதான். சொதி வந்துவிட்டது. அன்று மதினி முதல் பந்தியில் உட்கார்ந்து, சூடாக, இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவர் கல்யாணமாகி வந்த பிறகு குடும்பம் கூடிய நாளில் இப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததே இல்லை.

சுற்றிப் பார்த்ததையும் சொல்லாமல் விட முடியாது. பிரமிடுகளுக்கும் முந்திய ஜிகாந்தியா கற்கோயிலில் பிள்ளைகள் ஓடித் திரிந்தார்கள். அம்மாவுக்குப் பிடித்தது மார்சல்ஃபோர்ன் பக்கத்து உப்பளம். தூத்துக்குடியில் மண்ணில் பாத்தி கட்டுவோம், அங்கே கடற்கரைப் பாறையையே பாத்தி பாத்தியாகக் குடைந்து வைத்திருக்கிறார்கள். கோடையில் கடல்நீர் வற்ற வற்ற உப்பைக் கூட்டி அள்ளுகிறார்கள். அம்மா ஒரு கல்லை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏளா, இவ்வளவு வந்தும் ஒரு ஆத்தக் காணலியே?" என்று கேட்டாள். மால்ட்டாவில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றுகூடக் கிடையாது. குடிநீரில் பெரும்பகுதி கடல்நீரைச் சுத்திகரித்து எடுப்பதுதான். தாமிரபரணிக் கரையில் பிறந்தவளுக்கு அதை நம்ப வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஆண்கள் சமைத்தது பெரிய அதிசயமா என்று கேட்கலாம். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் குடும்பம் குடும்பமாகப் போய்க் காட்டுக்குள் குடில் போட்டுத் தங்குகிற ஊர்க்காரர்கள் நாம். அங்கே அடுப்புக் கூட்டி, அண்டாவில் கறி கிண்டி, ஊருக்கே பரிமாறுகிற எத்தனை ஆண்களைப் பார்த்திருக்கிறோம்! அதே கைகள் வீட்டுக்குத் திரும்பினால் தண்ணீர்ச் செம்பைக்கூட எடுப்பதில்லை. ஆகவே சமைக்கத் தெரியாது என்பதெல்லாம் காரணமே இல்லை. வீட்டு அடுப்பு பெண்ணுக்கு என்று நாம் எழுதாமல் எழுதி வைத்திருப்பதுதான் காரணம். வீட்டை விட்டு வெளியே வந்தால் அந்தக் கட்டு தளர்கிறது. காரையாற்றிலும் தளர்கிறது, கோசோவிலும் தளர்ந்தது.

செலவைப் பற்றி மறைக்க ஒன்றுமில்லை. அதிகம்தான். பணத்தைவிட எனக்கு ஆறாதது விசா விஷயம். மால்ட்டா ஷெங்கன் நாடு, அதாவது ஒரே விசாவைப் பொதுவாக வைத்திருக்கிற ஐரோப்பிய நாடுகளில் ஒன்று. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஆளுக்கு 90 யூரோ கட்டணம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம், நேரில் போய்க் கைரேகை. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பேரப்பிள்ளைகள் விசாவே இல்லாமல் போய் இறங்கினார்கள். அவர்களைப் பார்க்கப் போகிற ஆச்சி, திரும்பி வந்துவிடுவேன் என்று காகிதம் காகிதமாக நிரூபிக்க வேண்டியிருந்தது. இந்த அலைச்சலுக்குப் பயந்தே சித்தி வரவில்லை. ஒரு குடும்பத்தை இப்படிப் பாஸ்போர்ட்டின் நிறம் பார்த்துப் பிரிக்கிற ஏற்பாடு அநியாயம். சித்தி இல்லாதது கடைசி வரை எங்களுக்குக் குறையாகவே இருந்தது.

அதனால் கடல் தாண்டித்தான் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. யாருடைய வீட்டிலும் கூடாதீர்கள் என்கிறேன். குற்றாலச் சாரல் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, லண்டன் பள்ளிகளுக்கு விடுமுறை ஜூலைக் கடைசியில் தொடங்கிவிடும். இரண்டும் ஒத்து வருகிற நாட்களில் தென்காசி, இலஞ்சி பக்கம் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தால் போதும். சித்தியும் பஸ் ஏறி வந்துவிடுவார். ஒரே நிபந்தனை, ஃபிரிட்ஜில் அந்தப் பட்டியலும் ஒட்டப்பட வேண்டும்.

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இதைச் சொன்னதும், "நம்ம வீடு சும்மா கிடக்கும்போது வாடகை எதுக்கு?" என்று பெரிய அண்ணன் கேட்டார். "வீடு சும்மா கிடக்கலாம், மதினி சும்மா இருக்க முடியாதே" என்று பதில் போட்டேன். கொஞ்ச நேரத்தில், முன்பணத்தில் பாதி தன் பங்கு என்று எழுதிவிட்டார். அண்ணனுக்கு என் நன்றி.

குற்றாலம் பக்கம் எல்லாரும் படுக்க இடமும், கிரைண்டரோடு நல்ல சமையலறையும் உள்ள வீடு யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆகவே தரைத்தளமாக இருக்க வேண்டும்.