மரவள்ளிக்காடும் பொருளாதாரக் கணக்கும்

நாடு வளர வளர உற்பத்தியில் விவசாயத்தின் பங்கு சுருங்குவது இயல்பு, ஆகவே அதற்கு இனி பெரிய முதலீடு வேண்டாம் என்று முடிக்கிறது நான் படித்த ஒரு பொருளாதாரக் கட்டுரை. முதல் பாதி சரிதான். இன்று இந்திய உற்பத்தி மதிப்பில் ஏறத்தாழ 18 சதவீதம்தான் விவசாயத்தினுடையது. ஆனால் உழைப்பவர்களில் நூற்றுக்கு 45 பேர் அதை நம்பியிருக்கிறார்கள். அவர்கள் கையில் காசு இல்லாவிட்டால் ஆலையில் செய்ததை யார் வாங்குவார்கள்?

நான் ஆத்தூர் பக்கம் மரவள்ளி போடுகிறவன். எங்கள் கிழங்குதான் சேலத்தில் ஜவ்வரிசியாகி, மகாராஷ்டிரத்தில் விரத நாள் கிச்சடியாகிறது. அரைப்பது, வறுப்பது, மூட்டை பிடிப்பது, லாரி ஏற்றுவது என்று எத்தனை பேருக்கு வேலை! இது விவசாயமா, தொழிலா? இரண்டையும் எப்படிப் பிரிப்பீர்கள்?

பத்து மாதம் காத்திருந்து பிடுங்குகிறோம். ஆலையில் மாதிரிக் கிழங்கைத் தண்ணீரில் அமிழ்த்தி எடை பார்த்து மாவுச்சத்துக்கு 'பாயிண்ட்' போடுவார்கள். விலை அதன்படிதான். போன முறை நான் எதிர்பார்த்ததைவிட இரண்டு பாயிண்ட் குறைத்தார்கள். திருப்பி எடுத்துப்போக வழியில்லை. பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே கறுத்துவிடும். வண்டி வாடகை வேறு. கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்தேன்.

1981-இல் தொடங்கிய சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் ஜவ்வரிசி ஆலைக்காரர்களுக்கு ஏலமும் கிடங்கும் தந்தது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது, மகிழ்ச்சி. விளைவிக்கிறவனுக்கும் அப்படி ஓர் ஏற்பாடு வேண்டும். முதலில், மாவுச்சத்தைப் பொதுவான ஓரிடத்தில், எங்கள் கண்முன் அளக்கட்டும்.