ராபர்ட் லோவின் வாய்

பழைய நாடாளுமன்ற உரைகளைத் தோண்டிப் படிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. அதில் திரும்பத் திரும்பப் போய் நிற்கிற நாள் 1866 மார்ச் 13.

லண்டன் காமன்ஸ் சபை. நகரங்களில் ஆண்டுக்கு 10 பவுண்டு மதிப்புள்ள வீட்டில் குடியிருக்கும் ஆணுக்குத்தான் ஓட்டு என்பது 1832இல் போட்ட விதி. அதை 7 பவுண்டாகக் குறைக்க நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் மசோதா கொண்டுவருகிறார். எழுந்து கிழிப்பவர் அவருடைய லிபரல் கட்சிக்காரரே, ராபர்ட் லோ. பிறவியிலேயே நிறமி இல்லாத மனிதர். தலை முழுக்க வெள்ளை. எழுத்து தெரிய வேண்டுமென்றால் காகிதம் கண்ணருகே வர வேண்டும். ஆனால் நாக்கு இருக்கிறதே!

காசுக்கு விலைபோகிறவன், அறிவிலி, குடிகாரன், மிரட்டினால் மடங்குகிறவன் வேண்டுமென்றால் தொகுதியில் எங்கே தேடுவீர்கள், மேல்தட்டிலா அடித்தட்டிலா என்று கேட்டார். மற்ற கனவான்கள் சாப்பாட்டு மேசையில் முணுமுணுத்ததை இவர் சபையில் உரக்கச் சொன்னார், அவ்வளவுதான். அதற்காகவே எனக்கு அவர்மேல் ஒரு மரியாதை. கருத்தின்மேல் துளியும் இல்லை.

பரம்பரைப் பெருமை பேசுகிற ஆளும் இல்லை அவர். சிபாரிசை ஒழித்து, பரீட்சை வைத்து அரசு வேலை கொடுக்கப் பாடுபட்டவர். ஓட்டு என்பது உரிமை அல்ல, நல்ல ஆட்சிக்கான கருவி என்பதுதான் அவர் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இவர் ஜெயித்துவந்த கால்ன் தொகுதியில் ஓட்டர்கள் 200 பேர்கூட இல்லை. லான்ஸ்டவுன் பிரபு கைகாட்டுகிறவர்தான் அங்கே உறுப்பினர். அந்தத் தகுதியை எந்தப் பரீட்சையில் பார்த்தார்களாம்? (நியாயமாக இதையும் சொல்லிவிடுகிறேன்: 1857இல் கிடர்மின்ஸ்டர் தேர்தலில் கூட்டம் கல்லெறிந்து இவர் மண்டையை உடைத்திருக்கிறது. அந்த வலியும் பேச்சில் இருந்திருக்கும்.)

மசோதாவை ஆதரித்த லிபரல் உறுப்பினர் ஜான் பிரைட் அன்றைக்கே பதில் கொடுத்தார். லோவும் அவருடைய கூட்டாளியும் சேர்ந்த இரண்டு பேர் கட்சி, தலை எது வால் எது என்று தெரியாத சடை நாய் மாதிரி என்று. சபை சிரித்தது. ஆனால் பிரைட் செய்த பெரிய காரியம் வேறு. லோவின் அந்த வரிகளை அட்டையில் அச்சடித்து ஒவ்வொரு தொழிற்சாலையிலும் பட்டறையிலும் மாட்டுங்கள் என்றார். தொழிலாளிக்கு ரோஷம் வர வேறு பிரசங்கம் எதற்கு?

ஜூனில் மசோதா தோற்று அரசே போனது. ஜூலையில் ஓட்டுரிமை கேட்டுத் திரண்ட கூட்டம் லண்டன் ஹைட் பார்க் பூங்காவின் கம்பிவேலியைச் சாய்த்தது. மறு வருஷம் டிஸ்ரேலி, அதுவும் கன்சர்வேடிவ் ஆள், 7 பவுண்டையும் தூக்கிப்போட்டு, நகரங்களில் வீட்டு வரி கட்டும் குடும்பத் தலைவர்களுக்கெல்லாம் ஓட்டு கொடுத்துவிட்டார். நம் வருங்கால எஜமானர்களை எழுத்துப் படிக்க வைத்தாக வேண்டும் என்று லோ அப்போது கசந்துகொண்டார்.

அதே 1867 சட்டம் லண்டன் பல்கலைக்கழகத்துக்கு ஒரு புதுத் தொகுதி கொடுத்தது. ஓட்டர்கள் எல்லாம் பட்டதாரிகள். 1868இல் அதன் முதல் உறுப்பினராகச் சபைக்குள் வந்தவர், ராபர்ட் லோ.