மொன்மார்த் திராட்சை விழா ஏமாற்று இல்லை

இரண்டு நாளாக எல்லோருடைய பக்கத்திலும் அந்த வீடியோதான் ஓடுகிறது. பாரிஸின் மொன்மார்த் குன்றில் ஒவ்வொரு ஒக்டோபரும் நடக்கும் திராட்சை அறுவடை விழாவுக்குப் போன ஒருவர், அங்கே திராட்சையே இல்லை என்று எடுத்த வீடியோ. எடுத்தவர் பெயரை இங்கே போடவில்லை, போடவும் மாட்டேன். "திராட்சையே இல்லாத திராட்சைத் திருவிழா, வெள்ளைக்காரன் செய்யும் ஏமாற்று" என்று தலைப்பு. பாரிஸில் நம் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் கடை வைத்திருப்பவர்கள் தொடக்கம் இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் வரை அதைப் பகிர்ந்து சிரிக்கிறார்கள். மூன்று தரம் முழுதாகப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் மனது கொதித்தது. ஆகவே இது நீளமான பதிவு. பொறுமை இல்லாதவர்கள் இந்த ஒரு வரியை மட்டும் வாசித்துவிட்டுப் போகலாம்: பறிப்பு முடிந்த பிறகுதான் விழா. அது ஏமாற்று இல்லை.

முதலில் கொடியைப் பற்றிக் கதைப்போம். ஊரில் முந்திரிகை, அதாவது திராட்சை, போட்ட குடும்பங்கள் நம்மில் எத்தனையோ உண்டு. பந்தலில் படரவிட்டு, கவாத்துப் பண்ணி, அதிலிருந்து மூன்றரை நாலு மாதத்தில் குலை வெட்டுவோம். வருடத்தில் இரண்டு தரமும் எடுக்கலாம், எப்போது வெட்டுவது என்பது பெரும்பாலும் நம் கையில். இங்கே அப்படி இல்லை. குளிர்காலத்தில் கொடி உறங்கிவிடும். மாசி, பங்குனியில் கவாத்து, வசந்தத்தில் துளிர், ஜூன் மாதத்தில் பூ. பூத்து ஏறத்தாழ 100 நாளில் பழம் வெட்டுப் பதத்துக்கு வரும். ஜூன் தொடக்கத்தில் பூத்தால் 100 நாள் எங்கே போய் நிற்கிறது என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். செப்டெம்பர் நடுப்பகுதி. விழாவோ ஒக்டோபரில், வழக்கமாக இரண்டாவது வார இறுதியில். வெயில் கூடிய வருடத்தில் பழம் இன்னும் முந்தும்.

"சரி, விழா வரைக்கும் கொடியிலேயே விட்டு வைக்க வேண்டியதுதானே?" இதையும் ஒருவர் அந்த வீடியோவுக்குக் கீழே கேட்டிருந்தார். விட முடியாது. பழம் பதத்துக்கு வரும்போது சீனி ஏறும், புளிப்பு இறங்கும். ஒரு லிட்டர் சாற்றில் 17 கிராம் அளவு சீனி இருந்தால் அது 1 சதவீத மதுசாரமாக மாறும். 12 சதவீத வைன் வேண்டுமென்றால் லிட்டருக்கு 200 கிராமுக்குச் சற்று மேல் சீனி இருக்க வேண்டும். ஒரு சொட்டுச் சாற்றைக் கருவியில் விட்டுப் பார்த்து, அந்த அளவு வந்ததும் வெட்ட வேண்டும். தள்ளிப்போட்டால் புளிப்பு போய் வைன் சப்பென்று ஆகும். அதைவிடப் பெரிய பயம் மழை. ஒக்டோபர் மழை குலைக்குள் இறங்கினால் தோல் வெடித்து, சாம்பல் நிறப் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு பழத்தில் தொடங்கி இரண்டு மூன்று நாளில் குலை முழுவதும் பரவும். அதோடு அந்த வருட உழைப்பே போச்சு. படம் எடுக்க வருகிறவர்களுக்காக எந்தத் தோட்டக்காரரும் இதைச் செய்ய மாட்டார். விழாவின் தேதி மாதக்கணக்கில் முன்னதாகவே குறிக்கப்படுவது. பொலிஸ் அனுமதி, தெரு மறிப்பு, கடைகளுக்கு இடம் ஒதுக்குவது எல்லாம் அதையொட்டித்தான் நடக்கும். பழத்துக்கு அந்தத் தேதி தெரியாது. ஆகவே பறிப்பு முடிந்த பிறகுதான் விழா.

இப்போது அந்த இடம். ரூ தே சோலும் ரூ சென் வன்சோனும் சந்திக்கும் மூலையில் இருக்கும் சரிவு. 1,556 சதுர மீற்றர். நம் யாழ்ப்பாணக் கணக்கில் ஆறு பரப்புச் சொச்சம். அவ்வளவுதான். அதில் 1,760 கொடி அளவு நிற்கிறது. பெரும்பகுதி கமே, அடுத்தது பினோ நுவார், மீதி கலப்பாகப் பல வகை. வருடத்துக்கு அரை லிட்டர் போத்தலில் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு என்ற அளவில்தான் வைன் வரும். ஒரு கிலோ பழத்தில் 700 மில்லி அளவு வைன் எடுக்கலாம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், முழுத் தோட்டத்துக்கும் ஒரு தொன்னுக்கு முன்பின். கொடிக்கு அரைக் கிலோ அளவு. ஐந்து நாளில் அந்தக் குன்றுக்கு வருவது லட்சக்கணக்கான சனம். ஆளுக்கொரு பழம் என்று கொடுத்தாலே காணுமா? வேலிக்குள் விட்டால் கொடி மிஞ்சுமா? வேலி போட்டுப் பூட்டி வைத்திருப்பதை "பணக்காரனுக்கு மட்டும் திறப்பார்கள்" என்று வீடியோவில் சொல்கிறார். அந்தச் சரிவு பாரிஸ் நகரசபையின் சொத்து. ஆறு பரப்பில் லட்சம் கால் மிதித்தால் மண் இறுகி, வேர் மூச்சுவிட முடியாமல் போகும். பூட்டுக்குக் காரணம் அதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீடியோவில் அவர் "எங்கே திராட்சை, எங்கே திராட்சை" என்று கேட்டபடி நிற்கும் இடத்தில் பின்னால் பச்சைக் கம்பி வேலியும், வரிசை வரிசையாகக் கொடியும், மஞ்சள் பிடிக்கத் தொடங்கிய இலையும் தெரிகின்றன. அதுதான் தோட்டம். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். திரும்பி ஒரு தரம் பார்த்திருக்கலாம். இதை எழுதும்போதே வேதனையாக இருக்கிறது.

அந்தச் சரிவு ஏன் தோட்டமாக இருக்கிறது என்பது எனக்கு விழாவைவிட முக்கியம். 12ஆம் நூற்றாண்டில் அங்கே கன்னியர் மடம் வந்த காலம் தொட்டு மொன்மார்த் குன்று திராட்சைக் குன்று. குன்றடியில் உள்ள அபெஸ் மெற்றோ நிலையத்தின் பெயரே அந்த மடத்துத் தலைவிகளால் வந்தது. 1860 வரை மொன்மார்த் பாரிஸுக்கு வெளியே இருந்தது. நகர மதிலுக்குள் போகும் வைனுக்கு வரி, வெளியே இல்லை. அதனால்தான் குன்றில் அத்தனை மதுச்சாலைகள். பிறகு நகரம் விழுங்கியது, கட்டடம் ஏறியது, கொடி போனது. 1920களின் கடைசியில் இந்தக் கடைசித் துண்டு நிலத்திலும் கட்டடம் எழுப்பப் பார்த்தார்கள். தெருப் பிள்ளைகளைப் படமாக வரைந்து புகழ்பெற்ற ஓவியர் பிரான்சிஸ்க் புல்போவும் அயலவர்களும் எதிர்த்து நின்று அதைப் பிள்ளைகள் விளையாடும் திடலாக்கினார்கள். 1933இல் நகரசபை அங்கே கொடி நட்டது. 1934இல் முதல் விழா. பாடகி மிஸ்தங்கெத்தும் நடிகர் ஃபெர்னாந்தெல்லும் அதற்கு ஞானப் பெற்றோராக நின்றார்கள்.

இந்த இரண்டு வருடங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இங்கே நட்ட கொடி ஒழுங்காகக் காய்க்க மூன்று நாலு வருடம் எடுக்கும். 1933இல் நட்டது 1934இல் என்ன காய்த்திருக்கும்? முதல் விழாவிலேயே அந்தத் தோட்டத்துப் பழம் பேருக்குக்கூட இருந்திருக்காது. ஆனாலும் கொண்டாடினார்கள். நிலம் தப்பியது, அதற்குத்தான் கொண்டாட்டம். அன்றும் அப்படி, இன்றும் அப்படி. இதை ஏமாற்று என்று சொல்ல எப்படி வாய் வருகிறது?

"அந்த வைன் நல்லாவே இல்லையாமே" என்பதும் ஒரு வாதமாக ஓடுகிறது. அந்தச் சரிவு வடக்குப் பார்த்தது. இந்த நாட்டில் வெயில் தெற்கிலிருந்து வரும். சுற்றிவர மாடி வீடுகள் வேறு. வைனுக்காக நிலம் தேடுகிற எவரும் அந்த இடத்தை எடுக்க மாட்டார். காப்பாற்ற வேண்டியிருந்த நிலம் அது, அதனால் அதில் நட்டார்கள். புளிப்பு என்று மொன்மார்த்காரர்களே காலம் காலமாகச் சொல்லி வருகிறார்கள், இப்போது முன்பைவிடக் கவனமாகச் செய்கிறார்கள். பழத்தை, மொன்மார்த் அடங்கும் பாரிஸின் 18ஆம் வட்டார நகரசபைக் கட்டடத்தின் நிலவறைக்குக் கொண்டுபோய் அங்கேயே புளிக்க வைப்பது வழக்கம். சிவப்பு வைன் என்றால் தோலோடு தொட்டியில் போட வேண்டும். மதுவம் (ஈஸ்ட்) சீனியைத் தின்னும்போது வாயு கிளம்பித் தோலையெல்லாம் மேலே தள்ளும். மேலே வந்த தோல் காய்ந்தால் வினாகிரி வாடை பிடிக்கும், ஆகவே நாளுக்கு ஒன்றிரண்டு தரம் அமுக்கி உள்ளே தள்ள வேண்டும். ஒரு கிழமை, இரண்டு கிழமையில் தோலைப் பிழிந்து எடுத்துவிட்டு மாதக்கணக்கில் தெளியவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் போத்தல். விழாவில் கிடைப்பது இந்த வருடப் பழத்தின் வைனாக இருக்கவே முடியாது என்பது இதிலிருந்தே விளங்கும். "பழைய சரக்கை விற்கிறார்கள்" என்று வீடியோவில் வருகிறது. செப்டெம்பரில் வெட்டியதை ஒக்டோபரில் போத்தலில் அடைத்து விற்றால்தான் அது ஏமாற்று.

விலை. ஆம், அரை லிட்டருக்கு வீடியோவில் சொன்ன அந்த விலை கூடத்தான். சுப்பர்மார்க்கெற்றில் அதற்கு நாலைந்து நல்ல போத்தல் வாங்கலாம். ஆனால் அந்தப் பணம் 18ஆம் வட்டாரத்தின் சமூக உதவி வேலைகளுக்குப் போகிறது. நம் லாச்சப்பலில் ஒரு பகுதியும் 18ஆம் வட்டாரம்தான் என்பதைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள்.

"குடிக்கிற விழாவுக்கு நம் சனத்தை ஏன் அனுப்புகிறாய்?" இதைக் கேட்பவர்களின் கவலை எனக்கு விளங்குகிறது. நம் வீடுகளில் குடியால் பட்ட பாடு கொஞ்சமா? ஆனால் ஒரு சொட்டும் தொடாமல் முழு விழாவையும் பார்க்கலாம். குன்றின் உச்சியில் உள்ள சக்ரே கேர் தேவாலயத்தைச் சுற்றிப் பிரான்சின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் வந்தவர்கள் கடை போட்டிருப்பார்கள். சிப்பி, பாற்கட்டி, தேன், வறுத்த கஷ்கொட்டை. சனிக்கிழமை ஊர்வலத்தில் ஊர் ஊராக வைன் சங்கத்தார் நீள அங்கி போட்டு, பதக்கம் தொங்கவிட்டு, பாண்டு வாத்தியத்தோடு நடப்பார்கள். அபெஸ் சதுக்கத்தில் "நாங்கள் கலியாணம் கட்டப் போவதில்லை, ஆனால் பிரியப் போவதும் இல்லை" என்று சோடிகள் சபையறியச் சொல்லும் ஒரு சடங்குகூட உண்டு. பிடிக்காதவர்கள் போக வேண்டாம். அது வேறு விஷயம், ஏமாற்று என்பது வேறு விஷயம்.

கூட்டம் பற்றி வீடியோ எடுத்தவர் சொன்னதை ஏற்கிறேன். அவர் போனது சனிக்கிழமை மத்தியானம், குழந்தையின் தள்ளுவண்டியோடு, அபெஸ் மெற்றோ வழியாக. இதைவிடக் கஷ்டமான வழி கிடையாது. பாரிஸிலேயே மிக ஆழமான நிலையம் அது, 36 மீற்றர். லிஃப்ற்றுக்கு வரிசை நீண்டுவிட்டால் சுழல் படிதான் மிச்சம். ஒன்வேர் நிலையத்தில் இறங்கினால் கேபிள் வண்டிக்கு வரிசை, இல்லையேல் 222 படி. லாச்சப்பலிலிருந்து போகிறவர்கள் 2ஆம் இலக்க மெற்றோவில் மூன்றாவது தரிப்பான பிகாலில் இறங்கி, 12இல் மாறி, அபெஸைத் தாண்டி லமார்க் கோலங்கூரில் இறங்குங்கள். அது குன்றின் வடக்குப் பக்கம், தோட்டத்துக்குக் கிட்ட. ரூ தே சோல் வழியே ஏறினால் வலப்பக்கம் பழைய லாப்பன் அஜில் கபரே, இடப்பக்கம் கொடி. வெள்ளி பின்னேரம் அல்லது ஞாயிறு காலை போங்கள். மேலே இருந்து முழுத் தோட்டமும் பார்க்க விரும்பினால் ரூ கொர்த்தோவில் உள்ள மொன்மார்த் அருங்காட்சியகத்துக்கு ரிக்கற் எடுங்கள், அதன் பின்தோட்டம் நேரே கொடிக்கு மேலே நிற்கிறது. தள்ளுவண்டி வேண்டாம், குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொள்ளுங்கள். கைப்பையை முன்னால் போடுங்கள், ஃபோனைப் பின்பொக்கற்றில் வைக்காதீர்கள். வழி தெரியாமல் போய் அவதிப்பட்டதற்கு அனுதாபம் உண்டு. அதற்கு விழா என்ன செய்யும்?

இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்பீர்கள். ஒவ்வொரு வருடமும் ஓகஸ்ட் கடைசியை ஒட்டி, அதே 18ஆம் வட்டாரத்தில், நம் மாணிக்க விநாயகர் கோயில் தேர் ஓடுகிறது. தெருவில் தேங்காய் மலைபோல் குவிகிறது, உடைகிறது. பார்க்க வரும் வெள்ளைக்காரர் சிலர் "உணவை வீணாக்குகிறார்களே" என்று எழுதுவார்கள். "தெருவை மறித்துவிட்டார்கள்" என்று எழுதுவார்கள். அப்போது நமக்கு எப்படி வலிக்கிறது? தேங்காய் ஏன் உடைக்கிறோம் என்று ஒருவரிடமாவது கேட்டுவிட்டு எழுதக் கூடாதா என்று எத்தனை பேர் இதே முகநூலில் பொங்கினீர்கள்? அப்படிப் பொங்கியவர்களில் சிலர்தான் இன்றைக்கு இந்த வீடியோவுக்குச் சிரிப்புக் குறி போட்டிருக்கிறீர்கள். பெயர்களைப் பார்த்தேன். மனம் விட்டுப் போனது.

நம் தேருக்கும் அவர்கள் விழாவுக்கும் இடையில் மெற்றோவில் சில தரிப்புத்தான். இடையில் கிடக்கும் குத் தோர் பகுதியின் பெயருக்குத் "தங்கத் துளி" என்று பொருள். ஒரு காலத்தில் அங்கே விளைந்த வெள்ளை வைனால் வந்த பெயர் அது. அந்தத் தோட்டங்கள் இன்று இல்லை, பெயர் மட்டும் தங்கியிருக்கிறது. நிலத்தை விட்டு வந்த நமக்கு இது விளங்காமல் போனால் வேறு யாருக்கு விளங்கும்? ஆறு பரப்பைக் கட்டடக்காரனிடமிருந்து மீட்டு, தொண்ணூறு வருடமாகக் கவாத்துப் பண்ணி வைத்திருக்கிறார்கள்.

வீடியோ எடுத்த தம்பி இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். கூட்டத்தைப் பற்றிச் சொன்னது இருக்கட்டும், விலையைப் பற்றிச் சொன்னதும் இருக்கட்டும். தலைப்பில் உள்ள "ஏமாற்று" என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள்.