ஹெட்மாஸ்டரின் ஒப்பு மட்டும் போதுமா? வெளிநாட்டு ஆசிரியர் வேலைக்கான பரிந்துரைக் கடிதம் பற்றி

ஜனவரி பிறந்தால் போதும், குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்திலிருந்து கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளை வரைக்கும் டிடிபி கடைகளில் ஒரே மாதிரி ஒரு காகிதம் அச்சாகத் தொடங்கிவிடும். மேலே 'டு ஹூம்சோஎவர் இட் மே கன்சர்ன்'. கீழே 'சின்சியர், ஹார்டுவொர்க்கிங், ஒபீடியன்ட்'. அதற்கும் கீழே ஹெட்மாஸ்டரின் ஒப்பும் வட்ட சீலும். வளைகுடாவில் இருக்கும் சிபிஎஸ்இ பள்ளிகளுக்கு ஏப்ரலில் வகுப்பு தொடங்கும். அதனால் ஆள் எடுப்பு ஜனவரி முதல் மார்ச் வரை. பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு ஆகஸ்ட் கடைசியில் அல்லது செப்டம்பரில் ஆண்டு பிறக்கும். அவர்களும் தேடத் தொடங்குவது ஏறக்குறைய இதே மாதங்களில்தான். இந்த அவசரத்தில் மூன்று வேறு வேறு காகிதங்களை ஒன்றாக நினைத்து மாட்டிக்கொள்பவர்கள் நம் பக்கத்தில் ரொம்பப் பேர்.

எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் வேறு, பரிந்துரைக் கடிதம் வேறு, ரகசியக் கேள்விப் படிவம் வேறு. முதலாவது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன பதவியில் இருந்தீர்கள் என்பதற்கான பதிவு. அதைப் பள்ளி அலுவலகமே கொடுத்துவிடும். இரண்டாவது, உங்கள் வகுப்பைப் பார்த்த ஒருவர் தன் பெயரில் எழுதுவது. மூன்றாவது உங்கள் கைக்கு வரவே வராது. வெளிநாட்டுப் பள்ளி நேராக ஹெட்மாஸ்டருக்கு அனுப்பும், அவர் நேராகத் திருப்பி அனுப்புவார். குழந்தைப் பாதுகாப்பு குறித்த இங்கிலாந்து அரசின் வழிகாட்டி, யாருக்கென்று பேர் போடாத பொதுக் கடிதத்தை நம்பி ஆள் எடுக்கக் கூடாது, கடைசியாக வேலை பார்த்த இடத்தில் பொறுப்புள்ள ஒருவரிடம் நேரடியாகக் கேட்டு வாங்க வேண்டும் என்கிறது. துபாயானாலும் தோஹாவானாலும், பிரிட்டிஷ் பாணியில் நடக்கும் பள்ளிகள் பெரும்பாலும் இதே வழியில்தான் போகின்றன. அவர்களுக்கு வேண்டியது பாராட்டுப் பத்திரம் அல்ல, கேள்வி கேட்டால் பதில் சொல்லக்கூடிய சாட்சி.

அந்தச் சாட்சி யார்? நம் ஊரில் உடனே மனசில் வருவது தாளாளர், இடவகைப் பாதிரியார், பஞ்சாயத்துத் தலைவர், தெரிந்த எம்எல்ஏ. இவர்கள் கொடுப்பது நன்னடத்தைச் சான்று. அதற்கு உள்ளூரில் மதிப்பு உண்டு. ஆனால் உங்கள் வகுப்பில் ஒரு நாள்கூட உட்காராதவர் உங்கள் பாடத்தைப் பற்றி என்ன சொல்வார்? முதல் பெயர் இப்போதைய அல்லது கடைசிப் பள்ளியின் ஹெட்மாஸ்டர் அல்லது பிரின்சிபல். இரண்டாவது பெயர் உங்கள் பாடத்தின் துறைத் தலைவரோ, மேல்நிலை ஒருங்கிணைப்பாளரோ, அதற்கு முந்திய பள்ளியின் ஹெட்மாஸ்டரோ. தாளாளர் வகுப்பைப் பார்க்க வருகிறவர் என்றால் அவரையும் போடலாம். பக்கத்து அறை சிநேகிதி எவ்வளவு நன்றாக எழுதினாலும் சக ஆசிரியர் என்ற அளவில்தான் எடுத்துக்கொள்வார்கள்.

இப்போது பெரிய சிக்கலுக்கு வருவோம். ஹெட்மாஸ்டரிடம் போய் நின்றால் பாதிப் பேர் சொல்லும் பதில், "நீயே எழுதிட்டு வா, ஒப்பு போட்டுத் தாறேன்." அவரைக் குறை சொல்ல முடியாது. சத்துணவுக் கணக்கு, எமிஸ் பதிவு, தேர்வுப் பணி என்று அவருக்கு ஆயிரம் வேலை. ஆனால் இதை ஒத்துக்கொண்டால் வில்லங்கம் பின்னால் வரும். இரண்டு கடிதங்களையும் நீங்களே எழுதியிருப்பீர்கள், அல்லது இணையத்தில் கிடைத்த ஒரே மாதிரியிலிருந்து எடுத்திருப்பீர்கள். இரண்டிலும் ஒரே வாக்கியம், ஒரே நடை, ஒரே எழுத்துரு. ஆள் எடுப்பவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் படிப்பார். அதோடு போகாது. வீடியோ அழைப்பில், "இந்தத் திட்டத்தை இவர் எப்படி நடத்தினார்?" என்று கேட்டால், தான் எழுதாத கடிதத்தில் என்ன இருக்கிறது என்றே ஹெட்மாஸ்டருக்குத் தெரியாது.

அதனால் கடிதத்தை எழுதிக் கொடுக்காதீர்கள், குறிப்பை எழுதிக் கொடுங்கள். ஒரே ஒரு தாள் போதும். சேர்ந்த தேதி, எடுத்த வகுப்புகள், வாரத்துக்கு எத்தனை பீரியட், வகுப்பில் எத்தனை பிள்ளைகள், கூடுதல் பொறுப்புகள். அதன் கீழே, ஹெட்மாஸ்டர் தன் கண்ணால் பார்த்த இரண்டு சம்பவங்கள். மாதிரிக்கு: 'ஒன்பது பி-யில் 42 பேர். பின்னம் தெரியாத 11 பேருக்கு மதிய இடைவேளையில் 20 நிமிடம் தனிப் பயிற்சி. அரையாண்டுக்குள் 8 பேர் தேறினார்கள்.' விண்ணப்பிக்கும் பள்ளியின் பெயர், பதவி, கடைசித் தேதி ஆகியவையும் அதில் இருக்கட்டும். இதை வைத்து அவர் தன் நடையில் ஒரு பக்கம் எழுதினால் அது ஏனோதானோவென்று எழுதிய மூன்று பக்கத்துக்குச் சமம். ஆங்கிலத்தில் தடுமாறுகிறார் என்றால் அவர் தமிழில் சொல்ல, ஆங்கில ஆசிரியர் எழுதட்டும். சொல்வது அவராக இருந்தால் சரி. குறைந்தது மூன்று வாரம் அவகாசம் கொடுங்கள்.

சில சொற்கள் நம் ஊரில் பாராட்டு, அங்கே எச்சரிக்கை. 'ஸ்ட்ரிக்ட் டிசிப்ளினேரியன்' என்று பெருமையாக எழுதுவார்கள். பிள்ளையை அடிப்பவரோ என்ற சந்தேகம் அங்கே முதலில் வரும். நம் நாட்டிலும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடியைத் தடை செய்ததுதான், ஆனாலும் இந்தச் சொல் நம் கடிதங்களை விட்டுப் போகவில்லை. 'வகுப்பை அமைதியாக, மரியாதையாக நடத்துவார், குரல் உயர்த்த மாட்டார்' என்று எழுதச் சொல்லுங்கள். 'ஒபீடியன்ட்' என்றால் சொன்னதைச் செய்வாரே தவிர, தானாக எதையும் தொடங்க மாட்டார் என்று பொருளாகிவிடும். 'ஹண்ட்ரட் பர்சென்ட் ரிசல்ட்' என்பதும் தனியாக நின்றால் வெறும் சத்தம். கேரளத்தில் எஸ்எஸ்எல்சி தேர்ச்சியே 2024-இல் 99 சதவீதத்துக்கு மேல். பாறசாலைப் பள்ளிக்கூடத்துக்காரர் இதை எழுதினால் எதுவும் சொன்னதாக ஆகாது. எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் ஏ பிளஸ், அதற்கு முந்திய ஆண்டு எத்தனை என்று எழுதினால்தான் அதற்குப் பொருள்.

ரகசியப் படிவத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கண்ணி இருக்கிறது. 'எக்ஸலன்ட், வெரி குட், குட், சாட்டிஸ்ஃபேக்டரி' என்று கட்டங்கள் இருக்கும். நம் பெரியவர்கள் அடக்கமாக 'குட்' கட்டத்தில் டிக் போடுவார்கள், நல்லவர் என்றுதானே பொருள் என்று. அங்கே அது நடுத்தரத்துக்கும் கீழே. அடுத்து, 'இவர் மீது குழந்தைப் பாதுகாப்பு தொடர்பாகப் புகார் வந்ததுண்டா? ஒழுங்கு நடவடிக்கை உண்டா? மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா?' என்ற கேள்விகள். சம்பந்தமில்லை என்று நினைத்துக் காலியாக விடுகிறவர்கள் உண்டு. காலியாக விட்டால் பதில் சொல்ல மறுத்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். ஒவ்வொரு கேள்விக்கும் 'இல்லை' என்றோ 'ஆம்' என்றோ முழுசாக எழுத வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இப்படிச் சொல்வது பதிலைச் சொல்லிக் கொடுப்பது ஆகாது, படிவம் எப்படி இருக்கும் என்று சொல்வதுதான்.

மின்னஞ்சல் முகவரி ஒரு தனித் தலைவலி. ஹெட்மாஸ்டரின் சொந்த ஜிமெயிலைக் கொடுத்தால் பல பள்ளிகள் ஏற்காது, நீங்களே உருவாக்கியது இல்லை என்று யார் கண்டது? பள்ளியின் பெயரில் டொமைன் இருந்தால் அதுவே முதல் தேர்வு. இல்லையென்றால் பள்ளி இணையதளத்தில் போட்டிருக்கும் முகவரி. சிபிஎஸ்இ பள்ளிகள் கட்டாயமாக வெளியிட வேண்டிய விவரப் பக்கம் ஒன்று இருக்கிறது, அதில் உள்ள முகவரியும் லெட்டர்ஹெட்டில் உள்ளதும் ஒன்றாக இருக்கட்டும். மாநிலப் பாடத்திட்டப் பள்ளி என்றால் ஒவ்வொரு பள்ளிக்கும் அரசு கொடுத்திருக்கும் 11 இலக்க யூடைஸ் எண்ணை லெட்டர்ஹெட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32 என்று தொடங்கும். அந்தப் பள்ளி உண்மையில் இருக்கிறதா என்று அதை வைத்துப் பார்த்துவிடலாம்.

பெயர். பள்ளிப் பதிவேட்டில் முன்னெழுத்தோடு இருக்கும், பாஸ்போர்ட்டில் அது அப்பா பெயராக விரிந்து கடைசியில் நிற்கும், கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் சேர்ந்திருக்கும். கடிதத்தில் பாஸ்போர்ட் பெயரை எழுதி, 'எங்கள் பதிவேட்டில் இன்ன பெயரில்' என்று ஒரு வரி சேர்த்தால் பாதித் தொல்லை தீரும்.

நெய்யாற்றின்கரைப் பக்கம் அரசுப் பள்ளிகளில் தினக்கூலி ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஜூனில் தொடங்கி மார்ச்சில் பணி முடியும். இங்கே தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள் பலருக்கும் ஏறக்குறைய அதே கதை. நான்கு ஆண்டு அனுபவம் காகிதத்தில் நான்கு துண்டுகளாக நிற்கும். இடைவெளி ஏன் என்று அங்கே நிச்சயம் கேட்பார்கள். 'கல்வியாண்டு அடிப்படையிலான ஒப்பந்தம், ஏப்ரல், மே விடுமுறை' என்று ஹெட்மாஸ்டர் எழுதிவிட்டால் பிரச்சினையே இல்லை.

அட்டஸ்டேஷன், அதாவது சான்றிதழ் உண்மையானது என்று அரசு முத்திரை வாங்குவது, இந்தக் குழப்பத்தில் எல்லைக்காரர்கள் வீணாக அலைகிறார்கள். நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பது கணக்கில்லை, சான்றிதழ் எந்த மாநிலத்தில் வழங்கப்பட்டது என்பதுதான் கணக்கு. பட்டம் கேரளப் பல்கலைக்கழகத்தில், பி.எட். தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் என்றால் ஒன்றுக்குத் திருவனந்தபுரத்தில் வெளிநாடுவாழ் மலையாளிகளுக்கான கேரள அரசு அமைப்பான நோர்க்கா, மற்றொன்றுக்குச் சென்னை. பரிந்துரைக் கடிதத்துக்கு இந்த அலைச்சல் பொதுவாகத் தேவைப்படாது. ஏஜென்ட் அதற்கும் சேர்த்துப் பணம் கேட்டால், எந்தப் பள்ளி கேட்டது என்று எழுத்தில் காட்டச் சொல்லுங்கள்.

வேலையில் இருக்கும்போதே தேடுகிறவர்களின் பயம் நியாயமானது. தெரிந்தால் நிர்வாகம் முகம் கொடுக்காது. சில இடங்களில் சான்றிதழ்களைப் பிடித்து வைப்பதும் உண்டு. 'நேர்முகத்தில் தேர்வான பிறகு மட்டும் இப்போதைய பள்ளியைத் தொடர்புகொள்ளவும்' என்று விண்ணப்பத்தில் எழுதலாம், பெரும்பாலான பள்ளிகள் மதிக்கும். ஆனால் இப்போதைய ஹெட்மாஸ்டரின் பெயரே இல்லாமல் இருந்தால் அதுவே சந்தேகம். நியமன ஆணை, சம்பளச் சீட்டு, பிஎஃப் பாஸ்புக் ஆகியவற்றை முன்பே எடுத்து வைத்துக்கொண்டால், பள்ளி எதையாவது தர மறுத்தாலும் அங்கே வேலை செய்ததற்கு ஆதாரம் கையில் இருக்கும். காசுக்கு அனுபவச் சான்று அடித்துத் தருகிறோம் என்கிற ஆட்களிடம் போகவே வேண்டாம். பின்னணி சரிபார்க்கும் நிறுவனம் பள்ளி எண்ணுக்குப் போன் அடிக்கும். அங்கே கிளார்க் 'அப்படி ஒரு டீச்சர் இங்கே இருந்ததில்லையே' என்பார்.

ஏப்ரல், மே மாதங்களில் அந்தப் போனை எடுக்கவும் ஆள் இருக்காது. அதனால் விடுமுறைக்கு முன்பே ஹெட்மாஸ்டரின் கைப்பேசி எண்ணையும் படிவத்தில் கொடுத்துவிட்டு, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: துபாய் எண் +971 என்றோ இங்கிலாந்து எண் +44 என்றோ அழைப்பு வந்தால் மோசடி என்று நினைத்துத் துண்டித்துவிடாதீங்க சார், ஸ்பாம் பெட்டியையும் ஒரு தடவை பாத்திடுங்க.