சூரியன் கடலில் மறையாத ஊர்

போன வாரம் ஒரு வீடியோ கண்ணில் பட்டது. ஒருவர் ராக் பீச்சில் காபி டம்ளரோடு நின்றுகொண்டு, "கடலோரத்தில் சொர்க்கம், கொஞ்சச் செலவில் வாழலாம், வெளிநாட்டில் இருப்பவர்கள்கூட பாண்டிக்குக் குடிவந்துவிடுங்கள்" என்கிறார். எடுத்தது ஜனவரியில் என்று பார்த்தாலே தெரிகிறது. மனிதர் சட்டையில் ஒரு சொட்டு வியர்வை இல்லை.

பாண்டிக் கடற்கரையை ஒட்டிய மீனவக் குப்பமான குருசுக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடியில் 2022-லிருந்து மூன்று வருடம் ஒரு பிரெஞ்சு அம்மா குடியிருந்தார். பள்ளி ஆசிரியை. வேலை விசாவில் வந்தவர். (ஓய்வு பெற்றவர்களுக்கென்று இந்தியாவில் தனி விசா கிடையாது. அதை அந்த வீடியோக்காரர் சொல்லவே இல்லை.) அந்த மூன்று வருடத்தில் நான் பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். அவருக்கு முன்னால் மாடியில் இருந்தது கடலுக்குப் போகும் குடும்பம். 9,000 வாடகை. அவர்கள் காலி செய்ததும் இந்தம்மா வந்து கேட்டார். வெள்ளைத் தோலைப் பார்த்தவுடன் என் வாயில் 18,000 வந்தது. பேரமே பேசாமல் சரி என்றுவிட்டார். எங்கள் தெருவில் எல்லோரும் அதைப் பார்த்து ஏற்றினார்கள். இன்றைக்கு எங்கள் குப்பத்துப் பையனுக்குக் கல்யாணம் ஆனால் வீடு தேடி கருவடிக்குப்பம் பக்கம் போக வேண்டியிருக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் வந்துதான் ஊர் கெட்டது என்று டீக்கடையில் பேசுகிறோம். வாடகையைச் சொன்ன வாய் யாருடையது?

வந்த அன்றே அவர் கேட்ட கேள்வி, "மணல் எங்கே?" கடற்கரைச் சாலையோரம் பெரும்பாலும் கருங்கல்தானே. எனக்குச் சின்ன வயதில் அங்கே மணல் இருந்தது. 1980-களின் கடைசியில் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் தடுப்புப் போட்டார்கள். எங்கள் கரையில் வருடத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். வழியை அடைத்ததும் இங்கே வர வேண்டிய மணல் நின்றுபோனது, இருந்ததையும் அலை தின்றது. மிச்சத்தைக் காப்பாற்றக் கல்லைக் கொட்டினார்கள். 2018-இல் தலைமைச் செயலகம் எதிரே கடலுக்கடியில் ஒரு செயற்கைத் திட்டு வைத்த பிறகுதான் ஒரு துண்டு மணல் திரும்பி வந்தது. வடக்கே தந்திராயன்குப்பத்தில் கல் தடுப்புகளால் மணல் சேர்ந்து, 'செரினிட்டி பீச்' என்ற பெயரோடு ஓட்டல்காரர்களுக்கு வாழ்வு வந்தது. அதற்கும் வடக்கே பொம்மையார்பாளையத்துக்காரர்கள் கரையை இழந்துகொண்டிருக்கிறார்கள். செரினிட்டி என்றால் அமைதியாம்.

இன்னொன்று. "கடலில் சூரியன் மறைவதைப் பார்க்க எங்கே நிற்க வேண்டும்?" என்று என்னிடமே எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். அய்யா, இது கிழக்குக் கடற்கரை. காலையில் ஐந்தரைக்கு எழுந்தால் உதயம் உண்டு.

சரி, அந்தம்மா கதைக்கு வருவோம். முதல் ஆறு மாதத்தில் உப்புக் காற்று அவருடைய சைக்கிள் செயின், சமையலறை ஸ்டூல், மடிக்கணினி மூன்றையும் தின்றது. ஒரு நாள் கேட் பூட்டு திறக்காமல் தெருவில் நின்றார். என் மனைவி தேங்காய் எண்ணெயை ஒரு கோழியிறகில் தொட்டுச் சாவித் துவாரத்தில் விட்டுத் திறந்து கொடுத்தாள். "வாரம் ஒரு முறை விடணும்மா" என்றாள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை பூட்டுக்கு எண்ணெய் விடுவது அவர் வேலை.

மே மாதத்தில் மேல்காற்று, எங்கள் ஊர்ச் சொல்லில் கச்சான், பிடித்துக்கொண்டால் கடல்காற்று கரையேற மத்தியானம் இரண்டு மணி ஆகும். அதுவரை மாடி அடுப்பாக இருக்கும். இரண்டாவது வருடம் அவரே மொட்டை மாடிக்கொடியில் துணி எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்து, "இன்னிக்கி காத்து லேட்டு" என்றார். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு போகாது, அப்போது மீன் விலை ஏறும் என்பதும் தெரிந்துகொண்டார். கூடைக்கார அக்காவிடம் நெத்திலிக்குப் பேரம் பேசுவார். என்னிடம் பேசாத பேரத்தையெல்லாம் அந்த அக்காவிடம் பேசினார்.

எதிர்வீட்டுப் பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாட்டியின் வீட்டுக்காரர் 'சொல்தா', அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். பாட்டிக்கு பிரெஞ்சு பாஸ்போர்ட், பிரான்சிலிருந்து பென்ஷன், அந்த நாட்டு அதிபர் தேர்தலில் ஓட்டு, எல்லாம் உண்டு. பேசுவது சுத்தக் குப்பத்துத் தமிழ். இந்தம்மா குடிவந்தபோது 24 மணி நேரத்துக்குள் நான் அரசுக்குத் தகவல் கொடுக்க வேண்டியிருந்தது, அவரும் தனியே பதிவு செய்தார். இருவர் கையிலும் ஒரே நாட்டு பாஸ்போர்ட். யாருக்கும் பாட்டியை வெளிநாட்டவர் என்று சொல்ல வாய் வராது. பாட்டியோ இந்தம்மாவைப் பார்த்து, "பாவம், ஊர் விட்டு ஊர் வந்து கிடக்குது" என்பார்.

2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் நம் தலைக்கு மேலேயே நின்று, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ரெயின்போ நகரில் என் தங்கை வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். பிள்ளைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். கீழே இடம் போதவில்லை. மாடியில் அந்தம்மா தன் கட்டிலை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, தரையில் பாய் விரித்துப் படுத்தார். கரண்ட் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் முட்டையும் உருளைக்கிழங்கும் போட்டு ஏதோ சுட்டுக் கொடுத்தார். தங்கை மகன் இன்றைக்கும் அதைக் கேட்கிறான். மறுமாதம் வாடகையை நானே 12,000 ஆக்கினேன். ஏன் குறைத்தாய் என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தெரிந்திருக்காது.

அதனால் குடிவர நினைப்பவர்களுக்கு, பாரிஸோ பெங்களூருவோ, ஒன்றுதான் சொல்வேன். ஒரு மே, ஒரு நவம்பர் இங்கே கழியட்டும். அப்புறம் வீடியோ போடுங்கள்.

அந்தம்மா 2025-இல் ஊருக்குப் போய்விட்டார். இப்போதும் ஞாயிற்றுக்கிழமையானால் வாட்ஸ்அப்பில் அவரிடமிருந்து ஒரு பூட்டுப் படம் வரும், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. பாதி நாள் நான் மறந்துதான் போயிருப்பேன். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போவேன்.