2023 தேசிய ஹாக்கி: கோப்பை தமிழ்நாட்டுக்கு வரவில்லை

"2023-ல் சென்னையில் நடந்த தேசிய சீனியர் ஆடவர் ஹாக்கியில் தமிழ்நாடு சாம்பியன்! இறுதிப்போட்டியில் 9 கோல்!" என்றொரு வாட்ஸ்அப் தகவல் கோவில்பட்டி, நெல்லை பக்கம் சுற்றுகிறது. தவறு.

அந்த ஆண்டு எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் கோப்பையை வென்றது பஞ்சாப். நவம்பர் 28 அன்று ஹரியானாவுடன் 2-2 எனச் சமன், ஷூட்அவுட்டில் 9-8. தமிழ்நாடு கர்நாடகத்தை 5-3 என வென்று மூன்றாமிடம் பிடித்தது. அதுவே பெருமைதான், கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த 9 ஆட்டத்தில் போட்ட கோல் இல்லை, அண்ணாச்சி. ஷூட்அவுட்டில் வீரர் 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு கிளம்பி, 8 விநாடிக்குள் கோல்கீப்பரைத் தாண்ட வேண்டும். அணிக்கு ஐந்து முயற்சி. அப்போதும் சமன் என்றால் ஆளுக்கு ஒன்றாக, யாராவது தவறும் வரை இழுக்கும். அப்படி இழுத்த கணக்குதான் 9-8.

2022-ல் போபாலில் தமிழ்நாடு இறுதிப்போட்டி வரை போனது உண்மை. அங்கும் ஷூட்அவுட், ஆனால் அங்கே வென்றது ஹரியானா. இரண்டு வருடத்தையும் யாரோ கலந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

கோவில்பட்டி மாரீஸ்வரன் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார் என்று அதே தகவலில் கடைசியில் வருகிறதே, அது மட்டும் சரி. ஜகார்த்தாவில் அந்த அணிக்கு வெண்கலம்.