12 நொடியில் எப்படி ஐயா கடப்பது?

நேற்றுக் காலை ரத்தப் பரிசோதனைக்காக அம்மாவைக் கூட்டிக்கொண்டு சென்னையில் எங்கள் 100 அடி ரோட்டைக் கடந்தேன். உயிர் போய் உயிர் வந்தது.

நடப்பவர்களுக்கான பச்சை விளக்கு அங்கே 12 நொடிதான் எரிகிறது. நின்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். சாலையோ 25 மீட்டருக்குக் குறையாது. சிக்னலுக்கு நேரம் வைக்கும்போது ஆள் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று கணக்கிடுவது வழக்கம். அப்படிப் பார்த்தாலே 21 நொடி வேண்டும். முட்டி தேய்ந்த அம்மாவுக்கு 40 ஆகும். இந்த 12 யார் நடந்து பார்த்து வைத்த நேரம்?

சரி, பச்சை விழுந்ததே என்று இறங்கினால் ஜீப்ரா கோடே தெரியவில்லை. அதன்மேல் முழுக்க பைக்குகள். சக்கரத்துக்கும் சைலன்சருக்கும் நடுவே அம்மா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நுழைகிறார். பாதி தூரத்தில் விளக்கு மாறிவிட்டது. நடுத்தடுப்பில் கால் வைக்க ஒரு முழம் இடமில்லை. வருகிற வண்டிகளைப் பார்த்துக் கையை நீட்டி, "இருப்பா, இருப்பா" என்று கெஞ்சுகிறார். ஒருத்தர்கூட பிரேக் பிடிக்கவில்லை. ஹாரன்தான் அடித்தார்கள். எப்படியோ மறுகரை சேரப் போனால், சிக்னலுக்கு நிற்காமல் இடது பக்கம் திரும்ப விட்டிருக்கிற ஃப்ரீ லெஃப்டில் ஒரு வேன் சீறிக்கொண்டு திரும்புகிறது. அம்மாவின் விரல் நகம் என் கையில் பதிந்த தடம் இன்னும் இருக்கிறது.

கேட்டால் நடைமேம்பாலம் கட்டுகிறோம் என்பார்கள். முட்டிவலிக்காரர் ஏன் படி ஏற வேண்டும்? மேலே ஏறி இறங்க இன்ஜின் இருக்கிற வண்டி ஏறட்டுமே!

2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் நடந்து போனவர்கள் 32,825 பேர் செத்திருக்கிறார்கள். மத்திய அரசே வெளியிட்ட கணக்கு. நாமோ, "பார்த்துப் போகக் கூடாதா" என்று செத்தவரையே திட்டுகிறோம். நடப்பவருக்கு முன்னுரிமை தரும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014-லேயே ஏற்றுக்கொண்டது. அது ஏன் இன்னும் எங்கள் சிக்னலுக்கு வந்து சேரவில்லை?

கோடிக்கணக்கில் செலவு செய்யச் சொல்லவில்லை. 12-ஐ 40 ஆக்குங்கள். நாங்கள் கடக்கிற நேரம் ஃப்ரீ லெஃப்டை மூடுங்கள். நடுவில் நாலு பேர் நிற்க இடம் விடுங்கள். கோட்டைத் தாண்டி நிற்கிற வண்டிக்கு அங்கேயே அபராதம் போடுங்கள்.

வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் வாங்கப் போக வேண்டும். லேப் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.